கோட்டுக்கு முந்திய கை

2003 ஆகஸ்ட் 12, செவ்வாய். வழக்கம்போல எட்டரை மணிக்கு விமானப் பயிற்சிப் பள்ளிக்குப் போனேன். மேசையைத் துடைத்தேன். முந்தைய நாள் பறந்த சின்ன விமானத்தின் பதிவுக் கருவியில் கேபிளைச் செருகி, விவரங்களை லேப்டாப்பில் இறக்கினேன். அவற்றைப் பார்த்து அறிக்கை எழுதுவதுதான் என் வேலை.

தரையிறங்க வரும்போது விமானம் சட்டென்று இடப்பக்கம் சாய்ந்து மேலேறியிருந்தது. வேண்டாத சாகசம் என்று நான் எழுதினால் ஓட்டிய பயிற்றுநரின் வேலை போய்விடும். எழுதத்தான் ஆசை. பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து புல்லட்டில் வரும் அந்த ஒல்லியான பயிற்றுநரைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். அவருக்கு வானம், எனக்குத் திரையில் அவர் பறந்த கோடுகள்.

அவரை அழைத்துக் கேட்டேன். “யாருக்கு வித்தை காட்டினீங்க, கேப்டன்?”

“வித்தையா? பருந்து சார்! மூஞ்சிக்கு நேரா வந்துச்சு. ஓரமா நில்லு, லைசென்ஸ் காட்டுன்னா கேக்குமா?”

“எல்லாரும் பருந்து மேலதான் பழி போடறாங்க.”

பதிவை ஓடவிட்டேன். திரையில் கோடு நகர நகர, உள்ளங்கையை விமானம்போல நீட்டி அசைப்பது அவர் பழக்கம். அன்றும் அசைத்தார். கோடு வளைவதற்கு ஒரு கணம் முன்பே கை சாய்ந்தது. கூடவே தலையையும் குனிந்துகொண்டார். வித்தை காட்டியவர் எதற்குக் குனிய வேண்டும்?

பருந்துக்காக விலகினார் என்றே எழுதிக் கொடுத்தேன். பொறாமை இன்னும் கூடியது.

மறுநாள் காலை முதல் வேலையாகக் கதவைச் சாத்திவிட்டு, அதே பதிவை ஓடவிட்டு, என் கையை நீட்டினேன். எத்தனை முறை ஓடவிட்டாலும், கோடு வளைந்த பிறகுதான் என் கை சாய்ந்தது.