புளி போட்டுத் துலக்கிய கார் விளக்கு

என் கையெழுத்து கோணலாக இருக்கும். ர, ற இரண்டும் எனக்கு எப்போதும் இடம் மாறி விழும். நான்காம் வகுப்போடு நின்றவன் எழுதியது என்று நினைத்துப் பொறுத்துக்கொண்டு படிக்க வேண்டும். வாயால் சொல்லலாமே என்றால் அது இதைவிட மோசம். நாலு பேர் முன்னால் நின்றால் என் குரல் எனக்கே கேட்காது.

பினாங்கில் ஒரு சீன முதலாளிக்கு நான் கார் ஓட்டுகிறேன். தவுக்கே என்றுதான் கூப்பிடுவோம். பங்களாவுக்குப் பின்னால் கார் கொட்டகை, அதை ஒட்டி ஓர் அறை. அதில்தான் நானும் என் மனைவியும் குடியிருக்கிறோம். எனக்கு முன்னால் இருந்த டிரைவர் காரின் மட்கார்டை வாசல் தூணில் இடித்ததற்காக அன்றைக்கே மூட்டையைக் கட்டிக்கொண்டு போனவர். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே தோட்டக்காரர் இதை எனக்குச் சொல்லிவிட்டார்.

என் மனைவிக்கும் அந்த வீட்டில் ஒரு வேலை இருந்தது. தவுக்கே குடும்பம் தலைமுறைகளாக இங்கேயே இருந்து, மலாய் பேசி, வெற்றிலை போட்டுப் பழகிய சீனர்கள். தவுக்கேயின் மனைவியிடம் ஒரு வெள்ளி வெற்றிலைப் பெட்டி உண்டு. பூ வேலை செய்தது, உள்ளே சுண்ணாம்புக்கும் பாக்குக்கும் சின்னச் சின்னக் கிண்ணங்கள். அந்த அம்மாள் வேறு யாரையும் அதைத் தொடவிட மாட்டார். மாதத்துக்கு இரண்டு தடவை என் மனைவியைக் கூப்பிட்டு அனுப்புவார். இவள் பின்கட்டில் பாய் விரித்து உட்கார்ந்து, ஒவ்வொரு கிண்ணமாகத் துடைத்துக் கொடுத்துவிட்டு, அவரோடு வெற்றிலையும் போட்டுக்கொண்டு சிவந்த வாயோடு வருவாள். அந்த அம்மாளோடு பேசித்தான் மலாயும் கற்றுக்கொண்டாள். பிள்ளை இல்லாத எங்கள் அறையில் அவள் சிரிப்பு கேட்டதெல்லாம் அந்த நாட்களில்தான்.

பத்து வருடத்துக்கு முன், மழைக்காலத்தில், காரின் இடது முன்விளக்கு மங்கிப்போனது. தவுக்கேக்கு, மலைக்கு அந்தப் பக்கம், பாலிக் புலாவில் ஜாதிக்காய்த் தோட்டம் இருந்தது. அங்கிருந்து திரும்பும்போது மலைப்பாதையிலேயே பொழுது சாய்ந்துவிடும். வளைவுகளில் இடது பக்கம் சரிவு. அந்தப் பக்கத்து வெளிச்சம் இல்லாமல் ஊர்ந்துதான் ஓட்ட வேண்டியிருந்தது. மோட்டார் பட்டறையில் காட்டினோம். முழு விளக்கையும் மாற்ற வேண்டும், சீமையிலிருந்து வர மாதக்கணக்காகும் என்றார்கள். தவுக்கே முகம் சுளித்தார். அப்போது, என்ன தைரியமோ, நானே வீட்டில் சரிசெய்து தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சரி என்றார்.

கொட்டகையில் வைத்துக் கழற்றினேன். கண்ணாடியைப் பிடித்திருந்த ரப்பர் வளையம் இற்று, உள்ளே தண்ணீர் இறங்கியிருந்தது. பல்பில் குறையில்லை. அதற்குப் பின்னால் வெளிச்சத்தை முன்னே தள்ளுகிற கிண்ணம் போன்ற தட்டுதான் கறுத்துக் கிடந்தது. துலக்கினால் போதும் என்று எனக்குத் தோன்றியது. அன்று வியாழக்கிழமை. மறுநாள் பூசைக்காக என் மனைவி குத்துவிளக்கைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நானும் தட்டோடு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அவள் கேட்டாள்: "இது பித்தளையா, வெள்ளியாங்க? வெள்ளின்னா புளி ஆவாது. அந்தம்மா பொட்டிய நான் திருநீறு போட்டுத்தான் பூப்போலத் தொடைப்பேன்."

"காரு வெளக்குக்குள்ள எவனாவது வெள்ளி வைப்பானா?" என்றேன்.

நான் புளியை எடுத்து அழுத்தித் தேய்த்தேன். கறுப்பு போய், தட்டு பொன்னாகப் பளபளத்தது. மாட்டி, விளக்கைப் போட்டு, கொட்டகைச் சுவரில் பார்த்தேன். வலது விளக்கு வெள்ளையாக விழுந்தது. இடது விளக்கு மண்ணெண்ணெய் விளக்குப் போல மஞ்சளாக, அழுது வடிந்தது. பித்தளைமேல் மெல்லியதாக வெள்ளி முலாம் பூசியிருந்திருக்கிறார்கள். அதை நான் ஒரு பொட்டு விடாமல் தேய்த்து எடுத்திருந்தேன்.

மறுநாள் காலையில் தவுக்கே கொட்டகைக்கே வந்தார். தட்டைப் பார்த்தார். யார் இப்படிச் செய்தது என்று மலாயில் கேட்டார். பழைய டிரைவரின் மூட்டை என் கண்முன் வந்தது. என் மனைவி விவரம் தெரியாமல் புளி போட்டுத் தேய்த்துவிட்டாள் என்றேன்.

அவள் நாலடி தள்ளித் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு சட்டையை உதறியவள் அப்படியே நின்றாள். பிறகு அதைக் கொடியில் போட்டாள். தவுக்கே பெண்களைப் பற்றி ஏதோ சொல்லிச் சிரித்துவிட்டுப் போய்விட்டார். என் வேலை தப்பியது.

அன்று சோறு போடும்போது அவள் சொன்னது ஒன்றே ஒன்றுதான். கோயில் தெருவில் நகை செய்கிற பத்தர் வெள்ளி முலாம் பூசுவார், அவரிடம் கொண்டு போங்கள் என்றாள். கொண்டுபோனேன். பத்தர் பூசிக் கொடுத்தார். புது ரப்பர் வளையம் வெட்டிப் போட்டு மாட்டினேன். வெளிச்சம் புது விளக்குப் போல விழுந்தது. தவுக்கே என் தோளைத் தட்டி, மனைவி கெடுத்ததைப் புருஷன் சரிசெய்துவிட்டான் என்று வீட்டில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். நான் தலையைக் குனிந்து நின்றேன். அதை அடக்கம் என்று நினைத்திருப்பார்கள்.

தோட்டக்காரருக்கு அது நல்ல வேடிக்கையாகப் போயிற்று. "அக்கா, எங்க வீட்டுச் சட்டியும் கரியாக் கெடக்கு. காரு வெளக்கையே குத்துவெளக்கா மாத்துன கையாச்சே, கொஞ்சம் பாத்துக் குடுங்களேன்லா," என்பார். அவளும் சிரிப்பாள்.

அதற்குப் பிறகு அந்த அம்மாள் வெற்றிலைப் பெட்டி துடைக்க அவளைக் கூப்பிட்டு அனுப்பவில்லை. முதல் மாதம் இவள் புடவை மாற்றிக்கொண்டு காத்திருந்தாள். அடுத்த மாதமும் காத்திருந்தாள். பிறகு ஜெலுத்தோங்கிலிருந்து வேறொரு பெண் வரத் தொடங்கினாள். பின்கட்டில் அவர்கள் பேசும் சத்தம் எங்கள் அறைவரைக்கும் கேட்கும். எத்தனையோ முறை நான் சொல்லிவிட நினைத்து அந்த அம்மாளுக்காகக் கார்க் கதவைத் திறந்து பிடித்திருக்கிறேன். ஏறி உட்கார்ந்ததும் எங்கே போக வேண்டும் என்று மட்டும் கேட்பேன்.

போன வாரம்தான் சொன்னேன். அந்த அம்மாளைச் சீனக் கோயிலில் இறக்கிவிட்டபோது, காருக்கு வெளியே நின்று, தரையைப் பார்த்துக்கொண்டு, அந்தத் தட்டைத் தேய்த்தது நான்தான் என்றேன். எந்தத் தட்டு என்று அவர் இரண்டு முறை கேட்டார். நினைவு வந்ததும் படியேறிப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்தாள்.

"பொய்ய என்னை வச்சிக்கிட்டே சொன்னீங்க. நெசத்த மட்டும் நான் இல்லாத எடத்துல போய்ச் சொல்லிட்டு வந்திருக்கீங்க," என்றாள்.

இன்று ஞாயிறு, தவுக்கே வெளியே போகவில்லை. பங்களாவுக்கு என்னோடு வா, அவர்கள் இரண்டு பேர் முன்னாலும் உன்னை வைத்துக்கொண்டே சொல்கிறேன் என்று காலையில் கூப்பிட்டேன். அவள் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவள் பதில் சொல்லும்வரை காத்திருப்போம் என்று கொட்டகையில் உட்கார்ந்து இதை எழுதி முடித்திருக்கிறேன்.

1938 அக்டோபர் 30.