தாழ்ப்பாளில் ஒரு கை

அறுபதுகளின் தொடக்கத்தில், சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையில் இயங்கிய ஒரு தமிழ் வார இதழுக்குப் படம் வரைந்துகொண்டிருந்தேன். எனக்கு இருபத்து நான்கு வயது. சோப்பு, கூந்தல் தைலம், தீபாவளிப் புடவை என்று பெரும்பாலும் விளம்பரப் படங்கள்தான். சிரிக்கும் பெண்களை வரைந்து வரைந்து அலுத்துப் போயிருந்தது. கதைக்கு வரைகிறேன் என்று கேட்டபோதெல்லாம் ஆசிரியர் "பாக்கலாம்மா" என்பார். வழக்கமாகக் கதைகளுக்கு வரைபவர் ஒரு கல்யாணத்துக்காக ஈப்போ போயிருந்த வாரம், வேறு வழியில்லாமல் ஒரு கையெழுத்துப் பிரதியை என்னிடம் நீட்டினார்.

"கொஞ்சம் இருட்டான கதை. பயந்துடாத."

நான் பயப்படவில்லை. ஒரே மூச்சில் படித்தேன். ஜப்பான்காரன் காலத்துக் கதை. போனால் உயிரோடு திரும்புவது அரிதான சயாம் ரயில்பாதை வேலைக்கு ஆள் பிடிக்கிறார்கள். ஒருவன் பரணில் ஒளிந்திருக்கிறான். கதவு தட்டப்படுகிறது. அவன் மனைவி கதவைத் திறந்து, பரணையும் கை காட்டி விடுகிறாள். அவன் அவளை எப்படியெல்லாம் அடித்தவன் என்பதைக் கதை ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது. போனவன் திரும்பவில்லை. போர் முடிந்த பிறகும் தினமும் அதே நேரத்தில் யாரோ கதவைத் தட்டுவது போல அவளுக்குக் கேட்கிறது. அவ்வளவுதான் கதை. கீழே ஓர் ஆணின் புனைபெயர்.

முதலில் வரைந்தது எல்லோரும் வரையும் படம்: படிக்கட்டில் புகை போல ஓர் உருவம், தலைவிரிகோலமாக ஒரு பெண், ஜன்னலில் நிலா. ஆசிரியருக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. எனக்குத்தான் பிடிக்கவில்லை.

"இது வேணாம் ஐயா. வேற தரேன்."

"நல்லாத்தானே இருக்கு? பேயப் பாத்தாதான் ஆளுங்க படிப்பாங்க லா."

"கதையில பேயே இல்லியே ஐயா. எல்லாம் அந்தப் பொம்பள மனசுக்குள்ளதான்."

இரண்டு நாள் தந்தார். மறுநாள் நடுப்பகலில் ஜாலான் புசார் பக்கம் போனேன். இரும்புச் சாமான் கடை ஒன்றின் பக்கவாட்டில், மாடிக்குப் போகும் குறுகலான படிக்கட்டு இருந்தது. கொளுத்தும் வெயிலிலிருந்து உள்ளே காலெடுத்து வைத்ததும் கண் குருடாகிவிட்டது. அசையாமல் நின்றேன். கொஞ்சம் கொஞ்சமாகப் படியின் விளிம்பு தெரிந்தது, பிறகு கைப்பிடி, அதற்குப் பிறகு மேலே ஒரு மூடிய கதவு. அதன் அடியில் ஒரு கோடு வெளிச்சம். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

கதவை உள்ளிருந்து வரைந்தேன். அந்தப் பெண்ணின் முகம் இல்லை, உடம்பு இல்லை. தாழ்ப்பாளின் மேல் அவளுடைய வலது கை மட்டும். கதவின் அடியில் வெளிச்சக் கோடு முழுசாக ஓடுகிறது. யாருடைய கால் நிழலும் அதை மறைக்கவில்லை. அதாவது வெளியே ஒருவரும் இல்லை. பார்க்கிறவருக்கு அது தெரியும், அவளுக்குத் தெரியாது.

படங்களை அச்சடிக்க உலோகத் தகட்டில் பிளாக் செய்யும் சீனர், படத்தைப் பார்த்ததுமே தலையை ஆட்டினார். இவ்வளவு கறுப்பை மட்டமான தாளில் அடித்தால் மை அப்பிக்கொள்ளும், கையும் தெரியாது, கதவும் தெரியாது என்று மலாயில் சொன்னார். அவர் சொன்னது சரிதான். முதலிலிருந்து தொடங்கினேன். மையை அப்பாமல் மெல்லிய கோடுகளைக் குறுக்கும் நெடுக்குமாக நெருக்கி இருட்டை உண்டாக்கினேன். சவர பிளேடால் சுரண்டி வெளிச்சத்தை எடுத்தேன். மை அப்பிய முந்தைய படத்தைவிட இதுதான் அதிகம் பயமுறுத்தியது. அன்றைக்கு என் கை எனக்கே பெருமையாக இருந்தது.

ஆசிரியர் வெகுநேரம் பார்த்தார். "மூஞ்சியே இல்லியேம்மா. எழுதுனவரு ஒத்துக்கிட்டா போடறேன்" என்று ஒரு முகவரியைத் தந்தார்.

கேலாங்கில் ஒரு பலகை வீடு. கதவைத் திறந்தவர் நாற்பதைத் தாண்டிய பெண்மணி. மருத்துவச்சியின் வெள்ளை உடுப்பில் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். புனைபெயரைச் சொல்லி, "அவரு இருக்காங்களா அக்கா?" என்றேன்.

"நான்தான். உள்ள வாங்க."

படத்தை வாங்கி ஜன்னலோரம் கொண்டுபோனார். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"கையப் பத்தி நான் ஒண்ணும் எழுதலியே. எப்படித் தோணுச்சு?"

"தட்டுற சத்தம் கேட்டா கைதானேக்கா முதல்ல போகும்."

அவர் சிரிக்கவில்லை. அந்தக் கையை விரலால் தொட்டார். "வளையல் போடுங்க. ரெண்டு கண்ணாடி வளையல். அவ கழட்டவே இல்ல."

அவருடைய வலது மணிக்கட்டில் இரண்டு கண்ணாடி வளையல்கள் இருந்ததை அப்போதுதான் கவனித்தேன். சட்டென்று பார்வையை விலக்கிக்கொண்டேன். பையிலிருந்து பேனாவை எடுத்து, அவருடைய மேசையிலேயே இரண்டு வளையல்களையும் வரைந்தேன். அவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப சரியா இருக்கு" என்றார். பிறகு, "டீ சாப்பிடுறீங்களா?" என்று கேட்டார். வேலைக்கு நேரமாகியும் உட்கார்ந்து என்னோடு டீ குடித்தார். பேச்சு முழுக்க மழையையும் பஸ்ஸையும் பற்றித்தான்.

படம் முழுப் பக்கத்தில் வந்தது. மை அப்பவில்லை. அடுத்த வாரத் தபாலில், படம் புரியவில்லை என்று மூன்று பேரும், அந்தப் பக்கத்தைத் திருப்பி வைத்துவிட்டுத்தான் தூங்க முடிந்தது என்று ஒருவரும் எழுதியிருந்தார்கள். ஆசிரியர் நான்கையும் என்னிடம் கொடுத்தார். கூடவே இன்னொரு கதையையும் கொடுத்து, "உன் இஷ்டப்படி போடு" என்றார்.