பஞ்சு மிட்டாய் வியாழன்

காரைக்காலில் நான் ஆறாம் வகுப்புப் படித்த வருஷம், பள்ளி அறிவியல் கண்காட்சியில் என் பங்குக்குக் கோள்கள் வந்தன. புதன், வெள்ளி, பூமி, செவ்வாய் நான்கையும் அரசலாற்றுக் களிமண்ணில் உருட்டிக் காயவைத்தேன். வியாழன் மட்டும் பெரிய பலூன். பட்டை பட்டையாகச் சாயம் பூசி, பெற்ற பிள்ளையைப் போலப் பார்த்துக்கொண்டேன்.

துபாயிலிருந்து லீவில் வந்திருந்த மாமா, உம்மாவின் தம்பி, அன்று என்னை பைக்கில் கொண்டுபோனார். பள்ளி வாசலில் இறங்கும்போது வியாழன் சூடான சைலன்சரில் பட்டு வெடித்தது. நான் அழுத அழுகையில் வாட்ச்மேன் ஓடிவந்துவிட்டார்.

"அழுவாத புள்ள, இந்தா வந்துர்றேன்" என்று போன மாமா, வாசலில் நின்ற பஞ்சு மிட்டாய்க்காரரைக் கெஞ்சி, குடம் அளவுக்கு ஒரு ரோஸ் உருண்டை சுற்றி வாங்கிவந்தார். அதை மேசையில் நட்டுவைத்தபோது பக்கத்து மேசைக்காரிகள் சிரித்தார்கள். எனக்கு மானமே போனது.

அறிவியல் டீச்சர் வந்தார். உருவேற்றியதை ஒப்பித்தேன். சூரியனைச் சுற்றித் தூசும் வாயுவும் தட்டுப்போலச் சுழன்றன. தூசு தூசோடு ஒட்டிக் கல்லாகி, கல் கல்லோடு மோதிச் சேர்ந்து கோளானது. சூரியனுக்குப் பக்கத்துச் சூட்டில் பனிக்கட்டி தங்காது. பாறையும் இரும்பும்தான் மிஞ்சும். அதனால் இந்த நான்கும் சிறிசு. தூரத்தில் பனிக்கட்டியும் சேர்ந்து உருண்டை பெருத்து, சுற்றியிருந்த வாயுவையெல்லாம் இழுத்துக்கொண்டது. அதுதான் வியாழன்.

"அப்ப வியாழன்ல போயி நிக்கலாமா?" என்றார் டீச்சர்.

அது நான் உருவேற்றாத கேள்வி. என் விரல் தானாகப் பஞ்சு மிட்டாய்க்குள் போனது, போய்க்கொண்டே இருந்தது.

"நிக்கத் தரையே இல்ல மிஸ். உள்ளாற போயிக்கிட்டேதான் இருப்போம்!"

டீச்சர் கைதட்டிச் சிரித்துவிட்டார். "யாரும்மா இத செஞ்சு குடுத்தது?" என்றார். மாமாவைக் காட்டினேன். முதல் பரிசு எனக்குத்தான். கடல்காற்றில் கசிந்து சுருங்கிய வியாழனை ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் தின்று தீர்த்தார்கள்.

மாமா அன்று சாயங்காலம்வரை வீட்டுக்குக் கிளம்பவே இல்லை. சனிக்கு ஏன் வளையம், யுரேனஸ் ஏன் அத்தனை குளிர்ச்சி என்று டீச்சரிடம் கேட்டபடியே நின்றார். மறுநாளும் என்னைக் கொண்டுவிட வந்தவர், நெப்டியூனில் ஒரு சந்தேகம் என்றார். விஷயம் தெரிந்த உம்மா முக்காட்டால் வாயைப் பொத்திச் சிரித்தார். டீச்சர் வீடு எந்தத் தெருவென்று என்னிடம் விசாரித்தார். இவ்வளவு படிப்பார்வம் உள்ளவர் பத்தாவதோடு நிறுத்திவிட்டாரே என்று எனக்கு வருத்தமாக இருந்தது.

அடுத்த லீவில் டீச்சர் எனக்கு மாமியானார். நிக்காஹ் அன்று பிரியாணி வாசனைக்கு நடுவே நான் துள்ளிக்கொண்டு திரிந்தேன்: இனிமேல் மாமாவுக்கு வீட்டிலேயே பாடம் நடக்கும்!