டாக்டர் பெயருக்கு வந்த உறை

கோரிமேட்டு மருத்துவமனை நடைகூடத்தில், புற்றுநோய்ப் பிரிவின் வாசலில், ஒன்பது மாதம் பிரிக்காமல் வைத்திருந்த உறையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அரசு அலுவலகத் தபால் பிரிவை முப்பத்தைந்து ஆண்டுகள் கட்டிக் காத்தவன் நான்.

பித்தப்பைக் கல் அறுவைக்காக என் மனைவி விஜயாவுக்கு ஒரு தனியார் மருத்துவமனையில் நெஞ்சுப் படம் எடுத்தார்கள். அறுவை மருத்துவர் படத்தைத் தூக்கிப் பார்த்து, சரி என்றார். ரேடியாலஜிஸ்டின் (படத்தைப் படித்து அறிக்கை எழுதும் மருத்துவர்) அறிக்கை, நாங்கள் வீடு திரும்பும் நாளில்தான் வந்தது. ஒட்டிய உறை, மேலே அறுவை மருத்துவரின் பெயர்.

“பிரிச்சித்தான் பாருங்களேன்” என்றாள் விஜயா, ஆட்டோவில்.

“அடுத்தவங்க பேருக்கு வந்த தபால நான் பிரிச்சதே இல்ல.”

“ஆமா, உள்ள இருக்கறது என் நெஞ்சு. பேரு மட்டும் டாக்டரோடது.”

தையல் பிரிக்கும் நாளில் உறையை அறுவை மருத்துவரின் மேசையில் வைத்தேன். அவர் தையலை மட்டும் பார்த்தார். செவிலி உறையைக் கோப்போடு திருப்பிக் கொடுத்தார். பெறுநரின் மேசைக்குப் போய் வந்த தபால். என் விதிப்படி விஷயம் முடிந்தது. பீரோவில் வைத்தேன்.

ஒன்பது மாதம் கழித்து ஒரு காலை, அவள் இருமலில் ரத்தம். அன்றுதான் பிரித்தேன். வலது நுரையீரலின் மேல்பகுதியில் நோடியூல் (சிறு கட்டி), உடனே சி.டி. ஸ்கேன் தேவை என்றிருந்தது.

அந்த ரேடியாலஜிஸ்டைத் தேடிப் போனேன். இளம் வயதுக்காரர்.

“நான் தெளிவா எழுதியிருக்கேன் சார்.”

“எழுதினீங்க. அவருக்கு ஒரு போன் பண்ணீங்களா?”

“ரிப்போர்ட் அனுப்பிட்டமே…” நிறுத்திக்கொண்டார். “பண்ணியிருக்கணும். கேஸ் போடப் போறீங்களா சார்?”

நுகர்வோர் ஆணையத்துக்கு மனு எழுத எனக்கு அரை மணி போதும். எதிர்த்தரப்பு வக்கீலின் முதல் கேள்வியும் தெரியும்: ஒன்பது மாதம் உறை யாரிடம் இருந்தது? ‘அனுப்பியாச்சு’ என்று சொல்லி நானும் எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியவன்தான்.

உங்கள் வீட்டில் இப்படி ஓர் உறை இருந்தால், இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு முதலில் அதைப் பிரியுங்கள். மருத்துவரை உங்கள் எதிரிலேயே படிக்க வையுங்கள்.

நோய் எலும்புக்கும் பரவிவிட்டது. மருந்து ஏறுகிறது, குணமாகும் என்று யாரும் சொல்லவில்லை. மாடிப்படியில் விஜயா மூன்று இடத்தில் நிற்கிறாள். அவளுக்கு மூச்சு திரும்பும்வரை நானும் மூச்சை விடுவதில்லை. மாதக்கணக்கெல்லாம் போய்விட்டது, இப்போது கணக்கு ஒரு படி, அடுத்த படி.

நேற்று புது ஸ்கேன் அறிக்கை வந்தது. யார் பெயர் என்று பார்க்காமல் உறையைக் கிழித்தேன்.

“மெதுவா கிழிங்க” என்றாள். “உள்ள நான் இருக்கேன்.”