சக்கரக் கட்டையை எடுப்பவர்

தாம்பரம் சானடோரியத்தில் மின்ரயில் ஏறி உட்கார்ந்ததும் போனில் ஒரு வீடியோ வந்து விழுந்தது. பழைய பாக்கெட் விமானம் ஒன்றின் என்ஜினை எங்கோ யாரோ மறுபடி ஓடவைத்திருந்தார்கள். முதலில் இருமல், பிறகு வெள்ளைப் புகை, பிறகு அந்த உறுமல். ஹெட்போனைச் செருக மறந்துபோனேன். எதிரே கூடையோடு இருந்த அக்கா, "இன்னா தம்பி, போன்ல மாவு மில்லு ஓட்டிகினு கீறே?" என்றார். பெட்டியே சிரித்தது. நானும் சிரித்தேன், சிரிக்கும்போதே கண் நிறைந்துவிட்டது. அந்த மாவு மில்தான் எங்கள் அத்தாவின் காதைத் தின்றது.

அத்தா, அதாவது என் அப்பா, விமானப்படையில் என்ஜின் ஃபிட்டர். உலகப்போர் முடிந்த கையோடு அமெரிக்காக்காரர்கள் செய்த சரக்கு விமானம்தான் பாக்கெட். இரட்டை வால், நடுவில் பெட்டி மாதிரி வயிறு. சண்டிகரிலிருந்து லடாக் மலைகளுக்கு அரிசி, மண்ணெண்ணெய், சமயத்தில் உயிரோடு ஆடுகளும் அதில் போகும். பள்ளியில் நான் அத்தாவைப் பைலட் ரேஞ்சுக்கு அளந்து விட்டிருந்தேன். வீட்டுக்கு வந்த நண்பர்களிடம் அவரே, "ப்ளேன்ல போயிருக்கேன்பா, ஆட்டுக்குப் பக்கத்து சீட்டு" என்று போட்டு உடைத்தார். அந்த வருடம் முழுக்க என் பெயர் ஆட்டுக்குட்டி.

பாக்கெட்டுகள் ஓய்வுபெற்றபின் தாம்பரத்துக்கு மாற்றலாகி வந்து, சிட்லபாக்கத்தில் வீடு கட்டினார். அதற்குள் காது முக்கால்வாசி போயிருந்தது. அம்மா கத்திப் பார்த்தாள். "என்ஜின் ஓடுறப்ப கத்தி என்ன புண்ணியம்? கையைக் காட்டு" என்பார். இப்படித்தான் ஓடுதளத்துச் சைகைகள் எங்கள் சமையலறைக்குள் வந்தன. சைகைக்கு அடங்காததை மட்டும் அம்மா கத்துவாள். எங்கள் வீட்டில் பால் பொங்கினால் தெருவுக்கே தெரியும்.

நிற்கும் விமானம் உருண்டுவிடாமல் சக்கரத்துக்கு முட்டாகக் கட்டை வைப்பார்கள். கிளம்பத் தயாரானதும் பைலட் இரண்டு முஷ்டிகளையும் சேர்த்துக் கட்டைவிரல்களை வெளிப்பக்கம் நீட்டிக் காட்டுவார். கீழே நிற்பவர் கட்டையை எடுத்துவிட்டுக் கட்டைவிரலை உயர்த்தினால்தான் வண்டி நகரும். "எவ்வளவு பெரிய ஆபீசரா இருந்தாலும் கீழ நிக்கிறவன் விடணும்" என்பார் அத்தா, தானே அந்தக் கீழே நின்றவர் என்ற பெருமையோடு. தினமும் ஸ்கூட்டரை உதைத்துவிட்டு அம்மாவைப் பார்த்து அதே சைகை. அம்மா விரலை உயர்த்தாமல் கிளம்பியதே இல்லை. ஒருமுறை சண்டையில் அம்மா கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டாள். ஸ்கூட்டர் புகைந்துகொண்டே இருந்தது. எதிர் வீட்டு சார், "ரன்வே கிளியர் இல்லையா பாய்?" என்று கேட்க, அம்மா சிரித்துவிட்டுத்தான் விட்டாள்.

போன வருடம் அத்தாவின் நுரையீரல் கைவிட்டது. வாயில் குழாய், மூச்சுக்கு மெஷின். இனி மீளாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மெஷினோடு எத்தனை நாள் வைத்துக்கொள்வது என்பதை நாங்கள்தான் சொல்ல வேண்டும். நாங்கள் உள்ளே போனபோது அத்தா கண்ணைத் திறந்தார். இரண்டு முஷ்டிகளையும் போர்வைமேல் சேர்த்து, கட்டைவிரல்களை வெளிப்பக்கம் நீட்டினார். அம்மாவைப் பார்த்து.

நர்ஸ், "டியூபை இழுக்கப் பார்க்கிறாரும்மா, கையைப் பிடிச்சுக்கோங்க" என்றார்.

அம்மா பிடிக்கவில்லை. "நான் எடுக்கமாட்டேன், போங்க" என்று கத்தினாள். வார்டே திரும்பியது. அத்தா கையைத் தாழ்த்தவில்லை. தானாகத் தாழ்ந்துபோகும், மறுபடி உயர்த்துவார். "என்னங்க, இன்னும் கொஞ்ச நாள்" என்றாள். அத்தா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார், புகைகிற ஸ்கூட்டர்மேல் இருப்பவர் மாதிரி பொறுமையாக.

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு விரலை உயர்த்தினாள். அவர் கை தளர்ந்து போர்வைமேல் விழுந்தது. அன்று சாயங்காலம் மெஷினை நிறுத்தினார்கள்.

இப்போது நான் வேலைக்குக் கிளம்பும்போது அம்மா வாசலுக்கு வருவதில்லை. உள்ளேயிருந்து ஏதோ சொல்கிறாள். பைக்கை அணைத்துவிட்டு, "என்னம்மா, கேக்கல" என்று திரும்பிப் போய் நிற்கிறேன். கத்த வேண்டிய தேவை போய்விட்டது. அவளுடைய சொந்தக் குரல் இவ்வளவு சின்னது என்று எனக்கு இத்தனை வருடம் தெரியாது.