ஜெர்மனியை நினைத்து நான் பட்ட கவலை

எனக்குக் கவலைப்பட ஏதாவது வேண்டும். உள்ளூரில் கிடைக்காத நாட்களில் வெளியூரிலிருந்து வரவழைத்துக்கொள்வேன். அப்படி வரவழைத்ததிலேயே தூரத்துச் சரக்கு ஜெர்மனி.

ராசா கையெழுத்துப் போட்டுப் புதுக்கோட்டையை இந்தியாவோடு சேர்த்த வருடம் நான் அன்னவாசலில் படித்துக்கொண்டிருந்தேன். ராசா போய்விட்டால் அவருடைய பள்ளிக்கூடமும் போய்விடும், அங்கே படித்த படிப்பு செல்லாது என்று எனக்கு ஓர் எண்ணம். செல்லாத படிப்பை மெனக்கெட்டுப் படிப்பானேன் என்று முன்கூட்டியே நின்றுகொண்டேன். பள்ளிக்கூடம் என்னவோ அதே இடத்தில், அதே வாத்தியார்களோடு, அதே பிரம்போடு நடந்துகொண்டுதான் இருந்தது. திரும்பிப் போக எனக்கு வெட்கமாகிவிட்டது.

பிறகு ஒரு மைக் செட்காரரிடம் வேலை பழகி, சில வருடங்களில் சொந்தமாக ஒரு செட் வைத்துக்கொண்டேன். ஓர் ஆம்ப்ளிபயர், ஒரு பேட்டரி, ஒரு மைக், ஊமத்தம்பூ மாதிரி வாய் விரிந்த இரண்டு குழாய் ஸ்பீக்கர்கள். காதுகுத்து, கல்யாணம், கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் சுற்றுவட்டாரத்தில் அந்த ஒரு செட்டுதான். ஜனநாயகம் வந்ததில் நாட்டில் யாருக்கு லாபமோ தெரியாது, எனக்கு லாபம். ஆனால் ஒவ்வொரு கூட்டத்திலும் முதல் கல் என் குழாய் மேல்தான் விழப்போகிறது என்று அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

ஜெர்மனியை என் தலையில் ஏற்றியவர் என் தாய்மாமன். யுத்தத்துக்குப் போய், ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் பிடிபட்டு, ஜெர்மனியில் கைதியாகக் கிடந்து உருளைக்கிழங்கு தோண்டிவிட்டுத் திரும்பியவர். எங்கள் ஊர் பஸ் நிற்கும் இடத்தில் டீக்கடை போட்டிருந்தார். கைதி முகாமில் கூட இருந்த ஓர் இங்கிலீஷ் வாத்தியார் சொன்ன கதைகளை டீயோடு சேர்த்து ஆற்றுவார்.

“மாப்ளே, அங்கேயும் ஒரு ராசா இருந்தாரு. மொத சண்டையில தோத்ததும் ரயிலேறிப் பக்கத்து நாட்டுக்குப் போயிட்டாரு.”

“நம்ம ராசா மாதிரியா மாமா?”

“நம்ம ராசா கையெழுத்துப் போட்டுட்டு கௌரவமாப் போனாரு. அந்த ஆளு ஓடுனாரு. சரி, இனிமே சனங்களே ஆளட்டும்னு முடிவாச்சு. பொம்பளைகளுக்கும் ஓட்டு. ஆனா சட்டம் எழுத ஒக்கார எடம் இல்ல. தலைநகரத்துல ஒரே துப்பாக்கிச் சத்தம். வேற ஊருக்குப் போயி, ஒரு நாடகக் கொட்டகையில ஒக்காந்து எழுதுனாங்க.”

“அதான் கூத்தாப் போச்சு” என்றார் பெஞ்சில் இருந்த ஒருவர்.

“கூத்துன்னா கூத்து! அத்தனை கட்சி. ஒரு சர்க்கார் நாற்காலியில ஒக்காந்து வேட்டியைச் சரி பண்றதுக்குள்ள அடுத்த சர்க்கார் வந்து எந்திரிங்குது. ரொட்டி வாங்கக் கூடை நெறைய நோட்டு. கட்சிக்கு ஒரு சட்டை, சட்டைக்கு ஒரு தடி. கூட்டம் போட்டா பெஞ்சு நாற்காலி பறக்கும்.”

“மைக் செட்டு?” என்றேன்.

“அதுதான்டா மொதல்ல ஒடையும்.”

பெஞ்சு முழுக்கச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. “கடைசியில என்ன ஆச்சு மாமா?”

“பதினாலே வருசம். ஒரு மீசைக்காரன் வந்தான். ஓட்டு வாங்கித்தான் வந்தான். வந்ததும் இனி ஓட்டே வேணாம்னு ஏணியைத் தூக்கி மேல போட்டுக்கிட்டான். ஏன்னு கேளு. அவனுக சண்டையில தோத்தானுக. தோத்ததை ஒத்துக்கிடலை. எவனோ முதுகுல குத்திட்டான், அதான் தோத்தோம்னு சொல்லிக்கிட்டே திரிஞ்சானுக. தோத்தேன்னு சொல்ல வாய் வராத ஊருல ஓட்டு நிக்காது மாப்ளே.”

இதில் பாதி வாத்தியார் சொன்னது, பாதி மாமா போட்ட சர்க்கரை என்று ஊருக்கே தெரியும். ஆனால் அந்தப் பதினாலு வருடம் எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. ராமனுக்கு வனவாசம் பதினாலு வருடம். ஜெர்மனிக்கு ஓட்டு பதினாலு வருடம். நமக்கு ராசா போனதிலிருந்து எண்ணினால்? நான் எண்ணினேன். எண்ணாமல் இருந்திருக்கலாம். கெடு முடிய அதிக நாள் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் எனக்குக் கல்யாணம் பேசினார்கள். பெண் வேறு யாருமில்லை, அதே மாமாவின் மகள். என் அப்பா நான் சின்னப் பையனாக இருந்தபோதே போய்விட்டதால் என்னை வளர்த்தவர் பெரியப்பா. பெரியப்பாவும் மாமாவும் வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டார்கள். ஆவணியில் கல்யாணம். என் வாழ்க்கையில் நான் கவலைப்படாமல் இருந்த ஒரே பங்குனி அதுதான்.

சித்திரையில் பஞ்சாயத்துத் தேர்தல் வந்தது. ஊர் ஓட்டுப் போட்டு மெம்பர்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த மெம்பர்கள் கூடித் தங்களுக்குள் ஒருவரைப் பிரசிடெண்ட் ஆக்க வேண்டும். கண்மாய்க்கு மேற்கே இருந்தவர்கள் பெரியப்பாவைத்தான் பிரசிடெண்ட் என்றார்கள். கிழக்கே இருந்தவர்கள் மாமாவைத்தான் என்றார்கள். இருவருக்கும் அந்த ஆசை அதுவரை இருந்ததாக யாருக்கும் தெரியாது. ஒருவர் நிற்கிறார் என்றதும் மற்றவருக்கு வந்துவிட்டது.

மைக் செட் ஒன்றுதானே? திங்கட்கிழமை மேற்கே, செவ்வாய்க்கிழமை கிழக்கே என்று கட்டினேன். மேற்கே பெரியப்பா மைக்கைப் பிடித்து, “உருளைக்கெழங்கு தோண்டுனவருக்கு ஊரை ஆளத் தெரியுமா? கண்மாய் மடை ஒடைஞ்சா கெழங்கை வச்சு அடைப்பாரா?” என்பார். மறுநாள் கிழக்கே மாமா அதே மைக்கைப் பிடித்து, “எங்க மச்சான் புதுக்கோட்டை தாண்டினா வழி கேப்பாரு. நான் கடல் தாண்டினவன்” என்பார். ஊர் இரண்டு நாளும் வந்து கேட்டுச் சிரித்தது. எனக்கோ, மைக் வழியாக வருகிற ஒவ்வொரு வார்த்தையும் என் கல்யாணப் பந்தலில் ஒரு காலைப் பிடுங்குவது மாதிரி இருந்தது.

அப்படித்தான் ஆனது. கிழக்கே சுவரில் எழுதியதை மேற்கேயுள்ள பையன்கள் சாணி கரைத்து மெழுகினார்கள். பதிலுக்கு என் குழாய் ஒன்றில் யாரோ வைக்கோலைத் திணித்தார்கள். பெரியப்பா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டார்:

“தம்பி, ஒன் மாமன் பிரசிடெண்ட் ஆனா அந்த வாசப்படியை நான் மிதிக்க மாட்டேன். கல்யாணத்தை நீயே நடத்திக்க.”

டீக்கடைக்குப் போனால் மாமா டம்ளரை நங்கென்று வைத்தார். “ஒங்க பெரியப்பா கெலிச்சு மாலையோட என் வீட்டுக்குச் சம்பந்தம் பேச வந்தா நான் கும்புட்டு நிக்கணுமா? அது நடக்காது மாப்ளே. பொண்ணு இருக்கட்டும்.”

யார் ஜெயித்தாலும் எனக்குத் தோல்வி. நாட்டுக்குப் பதினாலாவது வருடத்தில் வர வேண்டியது எனக்கு முன்கூட்டியே வந்துவிட்டது.

மாவு மில் வாசலில் மாமா மகளைப் பார்த்தேன். மாவு படிந்த புருவத்தோடு நின்றிருந்தாள். ஜெர்மனியில் என்ன நடந்தது, கட்சிச் சண்டையில் எப்படி எல்லாம் பாழாய்ப் போனது என்று மூச்சு விடாமல் சொன்னேன்.

“ஜெர்மனி இருக்கட்டும் அத்தான்” என்றாள். “ஒங்க சட்டையில பித்தானைக் காணோம்.”

“கல்யாணமே நடக்குமான்னு தெரியல, நீ பித்தானைப் பேசுறியே.”

“எங்கப்பா கதை சொல்லும்போது நானும் அடுப்படியில இருந்து கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். அந்த ஊருல பொம்பளைகளுக்கும் ஓட்டு இருந்துச்சாம்ல? அவுக யாருக்குப் போட்டாகன்னு யாராச்சும் கேட்டாகளா?” பதில் எதிர்பார்க்காமல் மாவுத் தூக்கை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

ஊர் ஓட்டுப் போட்டது. இருவருமே மெம்பர் ஆனார்கள். பிரசிடெண்ட் தேர்வுக்கு யூனியன் ஆபீசிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். கால்சட்டை போட்ட, வெயிலுக்கு முகம் சிவந்த இளம் அதிகாரி. பஞ்சாயத்துக்குக் கட்டடம் கிடையாது. பள்ளிக்கூடத்தில் ஓடு மாற்றிக்கொண்டிருந்தார்கள். எங்கே கூட்டத்தை வைத்தார்கள் தெரியுமா? அம்மன் கோயிலுக்கு எதிரே நாடகக் கம்பெனி போட்டுவிட்டுப் போயிருந்த கொட்டகையில்.

நாடகக் கொட்டகை! முடிவை அறிவிப்பதற்கு மைக் கட்டச் சொன்னார்கள். வழக்கமாக ஒரு முடிச்சுப் போடும் இடத்தில் மூன்று முடிச்சுப் போட்டேன். பெஞ்சு நாற்காலி பறந்தால் எந்தப் பக்கமிருந்து வரும் என்று பார்த்து, ஆம்ப்ளிபயரைத் தூணுக்குப் பின்னால் வைத்தேன்.

மெம்பர்கள் சீட்டில் எழுதிப் போட்டார்கள். அதிகாரி எண்ணினார். மறுபடி எண்ணினார். சரிபாதி.

“சமமா வந்தா சட்டப்படி குலுக்கல்” என்றார் அவர். “ரெண்டு பேர் பேரையும் எழுதி மடிச்சு நானே ஒண்ணை எடுத்துருவேன்.”

ஊர் எழுந்துவிட்டது. “காகிதம் வேணாங்க! மடிச்ச கையில சூது இருக்கும்!” என்றது மேற்கு. “பூப் போட்டுப் பாருங்க!” என்றது கிழக்கு. தேர்தல் வந்ததிலிருந்து இரண்டு பக்கமும் ஒத்துப்போனது அப்போதுதான்.

எங்கள் ஊரில் வழக்கு எதுவானாலும், தீராமல் போனால் பூ. சிவப்பு அரளி ஒன்று, வெள்ளை அரளி ஒன்று. ஒரே மாதிரி இலையில் பொதிந்து, ஒரே மாதிரி நாரால் கட்டி, அம்மன் முன்னால் போடுவார்கள். எடுத்த பொட்டலத்தில் இருப்பதுதான் தீர்ப்பு. பூ விழுந்த பிறகு பேச்சில்லை. தோற்றவர் தோளில் இருக்கும் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். கட்டாவிட்டால் அவர் அம்மனையே ஒப்புக்கொள்ளவில்லை என்று அர்த்தம்.

அதிகாரி தலையைச் சொறிந்தார். கையிலிருந்த சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். “குலுக்கல்னுதான் போட்டிருக்கு. எதைக் குலுக்கணும்னு போடல. சரி, பூவே வரட்டும். ஆனா நான்தான் எடுப்பேன்.”

“தாராளமா எடுங்க. பூட்ஸைக் கழட்டிட்டு எடுங்க” என்றார் பூசாரி.

மாமாவுக்குச் சிவப்பு, பெரியப்பாவுக்கு வெள்ளை. அதிகாரி ஒரு காலுறையில் ஓட்டையோடு கோயில் வாசலில் குனிந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். நாரைப் பிரிக்கத் தெரியாமல் பல்லால் கடித்தார். உள்ளே வெள்ளை.

மேற்கே ஒரு கூச்சல் எழுந்து பாதியில் நின்றது. எல்லாரும் மாமாவையே பார்த்தார்கள். அவர் தோளில் துண்டு அப்படியே கிடந்தது. கை அசையவில்லை. கிழக்குப் பக்கம் யாரோ, “அந்த ஆபீசர் எந்தப் பொட்டலம்னு பாத்துட்டு எடுத்தாருய்யா!” என்றார்கள். இன்னொரு குரல், “ஆமாய்யா, ஏமாத்து!” என்றது.

முதுகில் குத்திவிட்டான் என்கிற பேச்சு இதுதானே! ஜெர்மனி வந்து எங்கள் கோயில் வாசலில் நின்றது. மாமா விறுவிறுவென்று என்னை நோக்கி வந்தார். மைக் செட்டுதான் முதலில் உடையும் என்று சொன்னவர் அவர்தானே? நான் ஆம்ப்ளிபயரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டேன்.

“ஹலோ” என்றது குழாய்.

கண்ணைத் திறந்தேன். மாமா மைக்கைப் பிடித்திருந்தார். துண்டு இடுப்பில் இருந்தது.

“ஹலோ. கண்மாய்க்கு அங்கிட்டு இருக்கவங்களுக்கும் கேக்குதா? நான் தோத்துட்டேன். யாரும் ஏமாத்தல, யாரும் குத்தல. பூ விழுந்துச்சு, தோத்துட்டேன். இன்னொரு தடவை சொல்லணுமா? தோத்துட்டேன்! இதைச் சொல்லத் தெரியாத ஒரு ஊருல நான் உருளைக்கெழங்கு தோண்டுனவன். அந்தக் கதி நமக்கு வேணாம்.” கொஞ்சம் மூச்சு வாங்கினார். “ஆனா ஒண்ணு. மச்சான் மடையைச் சரி பண்ணலைன்னா தெனமும் வாசல்ல வந்து நின்னு கேப்பேன். அடுத்த தடவை நானும் நிப்பேன்.”

கூட்டம் சிரித்தது. ஏமாத்து என்று கத்தியவரும் சிரித்தார். பெரியப்பா வந்து மைக்கை வாங்கினார். கண் கலங்கியிருந்தது, ஆனாலும் விடவில்லை.

“வாசல்ல என்னத்துக்கு மச்சான் நிக்கிறீக? சம்பந்தியா உள்ள வாங்க, ஒக்காந்து கேளுங்க. ஆவணி வருதுல்ல? ஒங்க பொண்ணு எங்க வீட்டுக்கு வந்துட்டா, அடுத்த தடவை மேற்கே ஒரு ஓட்டுக் கூடிரும்.”

“அவ ஓட்டு அப்பனுக்குத்தான்!” என்று மாமா மைக் இல்லாமலே கத்தினார். அது கண்மாய்க்கு அங்கிட்டும் கேட்டிருக்கும்.

அதிகாரி இத்தனை அமளியிலும் பூட்ஸை மாட்டிக்கொண்டு, “குலுக்கல் முறையில்” என்று மட்டும் எழுதிக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. எங்கள் கல்யாணத்துக்கும் மைக் செட் என்னுடையதுதான். தாலி கட்டப் போகும்போது குழாய் கொய்யென்று ஊளையிட்டது. நான் பாதி எழுந்துவிட்டேன். அவள் என் வேட்டி நுனியைப் பிடித்து இழுத்து, “ஒக்காருங்க, அது பாட்டுக்குக் கத்தட்டும்” என்றாள். சட்டையில் எல்லாப் பித்தானும் இருந்தது.

அதற்குப் பிறகு பெரிய தேர்தல் வந்தது. ராசா போய்ப் பதினாலாவது வருடத்துக் கெடு. பள்ளிக்கூடத்தில் ஓட்டுப் பெட்டி, வெளியே வரிசை. மாமாவும் பெரியப்பாவும் வேறு வேறு கட்சித் துண்டோடு ஒரே மரத்தடியில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டு, உடைந்த மடையைப் பற்றிச் சத்தமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் மீசை வைத்த ஒவ்வொரு வேட்பாளரையும் சுவரொட்டியில் ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனேன்.

வெளியே வந்ததும் அவளிடம் மெதுவாகக் கேட்டேன். “யாருக்குப் போட்ட? ஒங்கப்பா ஆளுக்கா, எங்க பெரியப்பா ஆளுக்கா?”

அவள் மை வைத்த விரலை வெயிலில் காட்டிக் காயவைத்துக்கொண்டிருந்தாள்.

“அதெல்லாம் கேக்கக்கூடாது அத்தான். நடங்க, சோறு ஆறிப் போகும்.”

அன்றிலிருந்து நாட்டைப் பற்றிய கவலையை விட்டுவிட்டு, இந்தக் கவலையைப் பிடித்துக்கொண்டேன். இன்றைக்கு வரைக்கும் அவள் சொல்லவில்லை.