தண்ணீர் வரிசையில் போன அறுபது டின்கள்

என் மகள் கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டு ஆடுகிறாள். கப்பல் உடைந்து ஒரு தீவில் ஒதுங்கிய பத்துப் பதினைந்து பேரை வைத்து ஒரு ஊரை உண்டாக்க வேண்டும். மரம் வெட்டுகிறவன், சமைக்கிறவள், வயலில் வேலை செய்கிறவன் என்று விரல் நகம் அளவு மனிதர்கள் திரையில் ஓடிக்கொண்டே இருப்பார்கள். போன மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். அறுத்துப் போட்ட தானியம் மழையில் கிடந்து அழுகிக்கொண்டிருந்தது. ஆட்கள் யாரும் சும்மா இல்லை, நடந்துகொண்டேதான் இருந்தார்கள். அவள் எல்லோரையும் சுமை தூக்க விட்டிருந்தாள். ஒவ்வொருவனும் ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு தீவின் கோடிவரை நடந்து, வைத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினான். சமைக்கிறவளும் அடுப்பை விட்டுவிட்டு ஒரு மூட்டையோடு போய்க்கொண்டிருந்தாள்.

எனக்குக் கம்ப்யூட்டரைத் தொடக் கூச்சம். தள்ளி நின்றபடியே சொன்னேன்.

"சமைக்கிறவள அடுப்புக்கு அனுப்பு. வயலுக்குப் பக்கத்துல ஒரு கொட்டகை போடு. அங்கேருந்து தூக்கிட்டுப் போக நாலு பேர் போதும்."

அவள் அப்படியே செய்தாள். சிறிது நேரத்தில் வயல் காலியானது. "அப்பா, நாலாங்கிளாஸோட நின்னுட்டேன்னு சொல்லுவியே, இது உனக்கு எப்படித் தெரியும், கைசே மாலூம்?" என்று கேட்டாள். நான் சிரித்துவிட்டு டீ போடப் போய்விட்டேன். வாயால் சொல்லியிருந்தால் பாதியில் நிறுத்தியிருப்பேன். எழுதுவதில் அந்தத் தொல்லை இல்லை.

எனக்கு அப்போது ஒன்பது வயது. தாராவியில் எங்கள் சந்தில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். கைவண்டி உள்ளே வராது. சந்தின் கடைசியில் எங்கள் வீடு. வாசலை ஒட்டி எல்லோருக்கும் பொதுவான ஒரே குழாய். நாளுக்கு ஒரு மணி நேரம், சாயங்காலம் நான்கிலிருந்து ஐந்துவரை தண்ணீர் வரும்.

அந்த வருடம் தீபாவளிக்கு அம்மா முதல்முறையாகத் தன் பேரில் முறுக்கு ஆர்டர் எடுத்திருந்தாள். அதுவரை மாமா வீட்டு அடுப்பில்தான் வேலை செய்தாள். மாமா அம்மாவின் அண்ணன். ஒரு காலத்தில் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். அதனால் சுமை தூக்குவதைப் பற்றித் தன்னைவிடத் தெரிந்தவர் பம்பாயில் கிடையாது என்று நம்பினார். "தனியா அடுப்பு போட்டிருக்கே, சந்தோசம். இந்த லோடு போய்ச் சேரலேன்னா பழையபடி என் அடுப்புக்கு வந்திரணும்" என்று சொல்லியிருந்தார். அம்மா சரி என்றிருந்தாள். அறுபது டின். பெரிய எண்ணெய் டின்களைக் கழுவிக் காயவைத்து முறுக்கை அடுக்கியிருந்தாள். என் இரண்டு அத்தைகளும் ஐந்து நாட்களாக அவளோடு அடுப்படியில் இருந்தார்கள்.

மத்தியானம் வர வேண்டிய டெம்போ நான்கு மணிக்குக் கொஞ்சம் முன்னால்தான் மெயின் ரோட்டில் வந்து நின்றது. பண்டிகைக் கூட்டம் என்பதால் ஐந்துக்கு மேல் அங்கே வண்டி நிற்கக்கூடாது என்று போலீஸ்காரர் சொல்லிவிட்டார். வழக்கமாக டின் தூக்கும் ஆட்கள் இரண்டு பேரும் பண்டிகைக்கு ஊருக்குப் போயிருந்தார்கள். டெம்போ நிற்கும் அதே ஒரு மணி நேரம்தான் தண்ணீர் வருகிற நேரமும். குழாயிலிருந்து ரோட்டுப் பக்கமாக முப்பது பெண்கள் குடத்தோடு வரிசையில் நின்றார்கள். சந்தின் அகலத்தில் பாதி அதற்கே போய்விட்டது.

மாமா நிலைமையைக் கையில் எடுத்துக்கொண்டார். "எல்லாரும் வாங்க! அடுப்பைப் போட்டுட்டு வாங்க! ஆளுக்கு ஒரு டின், தலையில வச்சு ரோடு வரைக்கும் ஒரே ஓட்டம்!"

அத்தைகள் அடுப்பை விட்டுவிட்டு ஓடினார்கள். கடைசி ஈட்டு முறுக்கு எண்ணெயிலேயே கருகியது. முதல் அத்தை டின்னோடு வரிசையைத் தாண்டுவதற்குள், முன்னால் போன மாமா வெறுங்கையோடு திரும்பி வந்தார். நடுச்சந்தில் இருவரும் முட்டிக்கொண்டார்கள். டின் விழுந்தது. முறுக்கு சிதறியது. ஒரு பித்தளைக் குடம் உருண்டது.

"ஓய், கண்ணு தெரியலையா? புதுக் குடம் ஓய்!"

"குடத்தை ஓரமா வைம்மா! நான் ஹார்பர்ல வேலை பாத்தவன்!"

"அப்போ ஹார்பருக்கே போய்த் தூக்கும்!"

வரிசை சிரித்தது. மாமாவின் முகம் சிவந்தது. கால் மணி நேரத்தில் ரோட்டுக்குப் போனவை நான்கு டின்கள். அம்மா வாசலில் இடுப்பில் கை வைத்து நின்றாள். அவள் அழவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு சந்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் வரிசையில் இரண்டாவது ஆளாக எங்கள் குடத்தோடு நின்றேன். இடம் பிடிப்பது என் வேலை. எனக்கு முன்னால், குழாயடியில், எதிர்வீட்டுச் சித்தி. அவள் எங்களுக்குச் சொந்தம் இல்லை. அப்படிக் கூப்பிடுவேன், அவ்வளவுதான். அவளும் அம்மாவும் பேசி ஒரு வருடம் ஆகியிருந்தது. சண்டை வந்ததும் இதே வரிசையில்தான், யார் குடம் முன்னால் என்று.

அப்போது வரிசையின் கடைசியில் ஒரு கைக்குழந்தை வீறிட்டது. அதன் அம்மா எங்களுக்குப் பின்னால் நான்காவதாக நின்றாள். இடத்தை விட்டு அவளால் போக முடியாது. யாரோ குழந்தையைத் தூக்கி முன்னால் நின்றவளிடம் கொடுத்தார்கள். அவள் அடுத்தவளிடம். குழந்தை கை மாறிக் கை மாறி, தலைகளுக்கு மேலே மிதப்பது போல வந்து தன் அம்மாவிடம் சேர்ந்தது. வழியிலேயே அழுகையை நிறுத்திவிட்டது.

குழந்தை இந்தப் பக்கம் வரும் என்றால் டின் அந்தப் பக்கம் போகாதா என்று எனக்குத் தோன்றியது.

நான் யாரிடமும் வாய் திறந்து பேசாத பையன். வாத்தியார் பெயரைக் கேட்டால்கூடப் பக்கத்தில் இருப்பவன்தான் சொல்வான். அதனால் நான் எதையும் சொல்லவில்லை. வாசலுக்குப் போய் ஒரு டின்னை இரண்டு கையாலும் தூக்கி வந்து எதிர்வீட்டுச் சித்தியிடம் நீட்டினேன். அவள் டின்னைப் பார்த்தாள். பின்னால் வரிசையைப் பார்த்தாள். புரிந்துகொண்டாள். ஆனால் வாங்கவில்லை.

"உங்க அம்மா கேக்கமாட்டாளாமா? வாயில முறுக்கா வச்சிருக்கா?" என்று என்னிடம் கேட்டாள். அம்மா நான்கு அடி தூரத்தில் நின்றாள்.

அம்மாவும் என்னிடமே சொன்னாள். "டின்ன நிமித்தியே பிடிக்கச் சொல்லுலே. சாய்ச்சா நொறுங்கிரும்."

"நானும் திருநவேலிக்காரிதான், முறுக்கு எப்படிப் பிடிக்கணும்னு எனக்குத் தெரியும்னு சொல்லுலே."

நான் இரண்டையுமே சொல்லவில்லை. அதற்குள் டின் என் கையில் இல்லை. அது மூன்றாவது கைக்குப் போயிருந்தது.

அதன் பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது. டின்கள் தலைகளுக்கு மேலே போய்க்கொண்டே இருந்தன. "ஆகே படாவ்! ஆகே படாவ்!", முன்னால் தள்ளு என்று, நடுவில் நின்ற இந்திக்கார அம்மாள் ஒருத்தி தாளம் போல ஆரம்பிக்க, முப்பது பேரும் பிடித்துக்கொண்டார்கள். வரிசை தோல் கடை முனையோடு முடிந்துவிட்டது. அங்கிருந்து ரோடுவரை ஆள் இல்லை. டின்கள் அங்கே குவிய ஆரம்பித்தன. நான் ஓடிப்போய்ச் சந்துப் பையன்களை அங்கே நிறுத்தினேன். குள்ளமான ஒரு அக்காளிடம் இரண்டு டின் ஒரே சமயத்தில் வந்து அவள் திணறினாள். உயரமான இரண்டு பேருக்கு நடுவில் அவளை மாற்றி நிறுத்தினேன். மாமா வேகவேகமாக டின்களைக் கொண்டு வந்து குழாயடியில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"மாமா, ஒண்ணு போனதும் ஒண்ணு. அவசரப்படாதீங்க" என்றேன்.

எனக்கே தூக்கிவாரிப்போட்டது. அது என் குரல்தான். மாமா கையில் இருந்த டின்னைக் கீழே வைத்தார்.

"அத்தை, நீங்க ரெண்டு பேரும் அடுப்புக்குப் போங்க. கருகினதுக்கும் கொட்டினதுக்கும் பதிலா இன்னொரு ஈடு போடுங்க. மாமா, நீங்க ரோட்டுக்குப் போய் டெம்போவுல அடுக்குங்க."

அவர் போனார். ஹார்பரில் வேலை பார்த்தவர், ஒன்பது வயதுப் பையன் சொல்லி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனார்.

நடுவில், அன்றைக்குத் தாமதமாக, குழாய் சீறித் தண்ணீர் வந்தது. எதிர்வீட்டுச் சித்தி ஒரு கையில் டின்னை ஏந்தியபடி மறுகையால் குழாயைத் திருகி மூடினாள். அவள் மட்டுமல்ல, யாரும் ஒரு அடிகூட முன்னால் நகரவில்லை. தரை ஈரமானால் வழுக்கும், டின் விழும் என்று அவள் யோசித்திருக்கிறாள் என நினைத்து மனதுக்குள் அவளை மெச்சிக்கொண்டேன்.

விழுந்த டின்னுக்குப் பதிலாக அத்தைகள் சுட்டு நிரப்பிய டின் சூட்டோடு கடைசியாகப் போனது. ஆளாளுக்கு முந்தானையால் பிடித்து அனுப்பினார்கள். மணி ஐந்தாகி, போலீஸ்காரர் டெம்போவின் பக்கத்தில் லத்தியால் தட்டியபோது, மாமா அறுபதாவது டின்னை வைத்துக் கயிற்றை இறுக்கினார். வண்டி நகர்ந்தது. சந்து முழுவதும் கூச்சல். யாரோ விசில் அடித்தார்கள். மாமா என்னைத் தோளில் தூக்கி உட்காரவைத்து, "என் மருமவன்! என்கிட்டத்தான் கத்துக்கிட்டான்!" என்று ரோட்டில் போகிறவர்களிடம் எல்லாம் சொன்னார். அம்மா இனி அவர் அடுப்புக்குப் போக வேண்டியதில்லை. அவள் வாசலில் நின்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். ஐந்து நாள் அடுப்புச் சூட்டில் கறுத்த முகத்தில் பல் மட்டும் பளிச்சென்று தெரிந்தது.

மாமாவின் தோளில் இருந்தபடி நான் வரிசையையும் பார்த்தேன். பெண்கள் குனிந்து குடங்களை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். எல்லோரும் குடத்தை ஒற்றை விரலில் மாட்டிக்கொண்டு லேசாகப் போவது வேடிக்கையாக இருந்தது.

இருட்டுவதற்கு முன் குளித்துவிட்டுப் புதுச் சட்டை போட்டுக்கொண்டு தெருவை ஒரு சுற்று வர வேண்டும் என்று எனக்கு ஆசை. மாவு பிசைவதற்காக எங்கள் வீட்டில் மட்டும் ஒரு டிரம் தண்ணீர் பிடித்து வைத்திருந்தோம். உள்ளே போனால் அம்மா அதிலிருந்து மொண்டு குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தாள். முதல் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போய், ஒரு வருடத்துக்குப் பிறகு, என்னிடம் சொல்லாமல் நேராகவே "இந்தா, பிடி" என்றாள். பிறகு அடுத்த வீடு. பிறகு அதற்கடுத்த வீடு. ஆறாவது வீட்டோடு டிரம் காலியானது. மிச்ச வீட்டு வாசல்களில் அவள் வெறுங்கையோடு நின்று ஏதோ பேசிவிட்டு வந்தாள்.

எனக்குக் கோபமான கோபம். அறுபது டின்னை ரோட்டுக்கு அனுப்பியவனுக்குக் குளிக்க ஒரு சொம்பு தண்ணீர் வைக்கத் தோன்றவில்லையே என்று அம்மாவோடு பேசாமல், முகத்தில் மாவோடும் கரியோடும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.